சின்ன நூல் மேலே, நீள நூல் வெளியே

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்சாக இருந்த உபகாரமேரிக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டென்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். உடம்பிலிருந்து எடுத்த கட்டியைப் பாட்டிலில் போட்டுச் சோதனைக்கு அனுப்பும்போது, எடுத்துப் போகிறவர் யாராக இருந்தாலும் அவரை நிற்கவைத்துப் பரீட்சை நடத்துவாள். கூரியர்காரர் வண்டியை அணைக்காமல் நின்றாலும் விடமாட்டாள்.

"உள்ள நூல் கட்டியிருக்குது. அது எதுக்கு?"

"எந்தப் பக்கம்னு தெரியறதுக்குங்க."

"அத்த யாராவது தொடலாமா?"

"தொடக்கூடாதுங்க."

இதை மூன்று தடவை சொல்லவைத்துவிட்டுத்தான் பாட்டிலைக் கையில் கொடுப்பாள். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் தெரு முனையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு தடவை சொல்லாமல் விட்டாள், அது போதும் அவளுக்கு.

அவள் பெரிய படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. சங்கராபுரம் பக்கம் கரும்பு வெட்டப் போகிற கூலிக்காரருக்கு மூன்றாவது பெண். பங்குச்சாமியார் கைகாட்டி மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் நர்ஸ் பயிற்சி, அப்புறம் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த ஆல்பர்ட்டோடு கல்யாணம். மற்றதையெல்லாம் டாக்டர் காசிநாதனின் முழங்கைக்குப் பின்னால் நின்றுதான் கற்றுக்கொண்டாள்.

காசிநாதன் வெளியூரில் பெரிய இடத்தில் அறுவைச் சிகிச்சை படித்துவிட்டு எண்பத்து மூன்றில் ஊருக்கு வந்தவர். வாய் ஓயாதவர். கத்தி பிடித்திருக்கும்போதும் பாடம் நடத்துவார், கேட்க வேறு ஆள் இல்லாததால் உபகாரமேரிக்கு நடத்துவார். அதுவரை அந்தப் பக்கத்தில் மார்பில் கட்டி என்றால் இரண்டே வழி. கட்டிக்கு நேர் மேலே குறுக்காக ஒரு வெட்டு; இல்லாவிட்டால் மெட்ராசுக்கு அனுப்பி மொத்தமாக எடுத்துவிடுவது. காசிநாதனுக்கு இரண்டும் பிடிக்காது.

"மார்புங்கிறது ஒரே சதை இல்ல சிஸ்டர். உள்ளே பதினஞ்சு இருபது பிரிவு, சாத்துக்குடிச் சுளை மாதிரி. ஒவ்வொண்ணுலேருந்தும் ஒரு பால்குழாய் காம்பைப் பார்த்து வருது. குறுக்கே போட்டா அத்தனையும் அறுந்துபோகும். அது தெரிஞ்சவன் குறுக்கே போடமாட்டான்."

அவர் காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் ஓரமாகவே அரைநிலா போல ஒரு சின்ன வெட்டுப் போடுவார். இரண்டு நிறமும் சேருகிற இடம் அது, ஆறினால் தையல் கண்ணுக்கே தெரியாது. அந்த வாசல் வழியாகவே உள்ளே போய், இரண்டு அங்குலம் தள்ளி இருக்கிற கட்டியை எடுத்து வருவார். தோலுக்கும் சுரப்பிக்கும் நடுவே மெல்லிசாக ஒரு கொழுப்புப் படலம் உண்டு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் கத்தியே வேண்டாம், விரலுக்கே வழி விடும், ரத்தமும் வராது. ஒரு மயிரிழை மேலே போனால் தோல் கறுத்துச் செத்துப்போகும், கீழே போனால் சுரப்பி கிழியும். அந்தப் படலம் பிரியும்போது வருகிற வெளுப்பைப் பார்த்தே "சரியான இடம் டாக்டர்" என்று சொல்கிற அளவுக்கு நாலு வருஷத்தில் உபகாரமேரி தேறிவிட்டாள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. கோயிலுக்குப் போகிற வழியில் யாராவது "இன்னா மேரி, ஆஸ்பத்திரில துணி தொவைக்கிற வேலதானே" என்று கேட்டால் பற்றிக்கொண்டு வரும் அவளுக்கு.

எண்பத்தேழு ஆகஸ்டில் அமிர்தம் வந்தாள். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். முப்பத்தொரு வயசு, இரண்டு பெண் பிள்ளைகள். சாமையும் தினையும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். புருஷன் மாயவன் அவளுக்குப் பின்னால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். வலது மார்பில் வெளிப்பக்கமாக ஒரு கட்டி, வலியில்லை, ஆறு மாசமாக இருக்கிறது என்றாள்.

"கையத் தூக்கு" என்றாள் உபகாரமேரி. அமிர்தம் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். கட்டிக்கு மேலே தோலில் ஒரு சின்னக் குழி விழுந்தது, விரலால் உள்ளேயிருந்து யாரோ இழுப்பது போல. மார்பைத் தோலோடு பிடித்துவைத்திருக்கிற மெல்லிய நார்களைக் கட்டி இழுத்தால்தான் அப்படிக் குழி விழும். டாக்டர் கை வைப்பதற்கு முன்னாலேயே உபகாரமேரிக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. ஊசி குத்தி எடுத்து பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். புற்றுதான் என்று வந்தது.

அமிர்தம் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாரை அறுத்துப் போட்டுடுவீங்களா?"

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அம்மாவுக்கு அக்கா பெரியம்மாள் என்று ஒருத்தி. அவளுக்கு இதே நோய். ஒரு பெரிய ஊரில் மொத்தமாக எடுத்து அனுப்பினார்கள். ஊர் திரும்பியவளுக்கு அந்தப் பக்கத்துக் கை உலக்கை மாதிரி வீங்கிப்போனது, உலக்கையைத் தூக்க முடியவில்லை. பேரப்பிள்ளைகள் கிட்டே வரப் பயந்தார்கள். இரண்டு வருஷம் மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பில் கிடந்து செத்தாள். அந்த இரண்டு வருஷமும் அவளுக்குக் கஞ்சி ஊற்றியவள் அமிர்தம்தான்.

"அறுக்கறதுன்னா சொல்லிடுங்க. நான் இப்பவே மலை ஏறிடறேன். செத்தாலும் முழுசா சாவறேன்."

காசிநாதன் அவசரப்படாமல் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கட்டியையும் அதைச் சுற்றி ஒரு விரற்கடை நல்ல சதையையும் மட்டும் எடுப்பார். எடுத்ததின் விளிம்பு எல்லாப் பக்கமும் சுத்தமாக இருந்தால் அதோடு சரி, அப்புறம் பாண்டிச்சேரியில் அஞ்சு வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். ஏதாவது ஒரு பக்கத்து விளிம்பில் நோய் ஒட்டியிருந்தால் அதே தையலைத் திறந்து அந்தப் பக்கத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் எடுப்பார். மார்பு போகாது.

"சத்தியமா?"

"சத்தியமா" என்றார் டாக்டர். சத்தியம் பண்ணுகிற டாக்டரை உபகாரமேரி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

போனவள் மூன்று வாரம் வரவில்லை. கேழ்வரகுக்குக் களை எடுக்க வேண்டியிருந்ததாம். வந்த நாள் செப்டம்பர் பதினாறு. மறுநாளிலிருந்து இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று ஊரெல்லாம் சுவரில் எழுதியிருந்தது. இவளைத் திருப்பி அனுப்பினால் திரும்ப வரமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. டாக்டர் அன்றைக்கே மேசையில் படுக்கவைத்துவிட்டார்.

அந்த ஆபரேஷனைப் பற்றி உபகாரமேரி கடைசிவரை பெருமையாகத்தான் பேசினாள். இரண்டு பஞ்சு கூட முழுசாக நனையவில்லை. அரைநிலா வெட்டு, படலம் பிரிந்தது, விரல் போனது, கட்டி எலுமிச்சை அளவில் தன்னைச் சுற்றியிருந்த சதையோடு முழுசாக வெளியே வந்தது. வெளியே வந்த பிறகு அது வெறும் சதை உருண்டை. மேல் எது, கீழ் எது, கைப்பக்கம் எது என்று எந்த மேதையாலும் சொல்ல முடியாது. அதனால் எடுத்த கையோடு இரண்டு கறுப்புப் பட்டு நூல் தைத்து முடிச்சுப் போடுவார்கள். சின்ன நூல் மேல் பக்கம், நீள நூல் வெளிப்பக்கம். அந்த முடிச்சுப் போடுகிற வேலையை டாக்டர் இரண்டு வருஷமாக உபகாரமேரியிடம் விட்டிருந்தார். அவள் போட்டால் அவிழாது.

அப்போதுதான் அலமாரியைத் திறந்து பார்த்தாள். சதை கெடாமல் ஊறவைக்கிற பார்மலின் பாட்டில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. புதுசு பாண்டிச்சேரியிலிருந்து வர வேண்டும். கட்டி பாதி மூழ்கியது. இரண்டு மூன்று நாளில் பாண்டிச்சேரி சோதனைச்சாலைக்குப் போய்ச் சேராவிட்டால் உள்ளே அழுகிவிடும், அப்புறம் பார்க்க ஒன்றும் இருக்காது.

வழக்கமாகப் பாட்டில் எடுத்துப் போகிற அட்டெண்டர் பழனி மறுநாள் வேலைக்கு வரவில்லை. வர வழியில்லை. இரவோடு இரவாக மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள். பாலங்களில் பாறை. ஒரு பஸ் இல்லை, லாரி இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஆடு படுத்திருந்தது. டாக்டர் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"நான் போறங்க" என்றான் மாயவன். சுவரை விட்டு அவன் விலகி நின்றது அன்றைக்குத்தான்.

"நூறு கிலோமீட்டருக்கு மேல இருக்குதுய்யா."

"மலையில பொறந்தவன்ங்க. நடந்துடுவேன்."

ஆல்பர்ட்டின் சைக்கிளை உபகாரமேரி வாங்கிக் கொடுத்தாள். பாட்டில் மூடியைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டி, மஞ்சள் பையில் துணி சுற்றி வைத்தாள். டாக்டர் கடிதத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள். சின்ன நூல் மேலே, நீள நூல் வெளியே என்று அதில் எழுதியிருந்தது, ஆனால் மாயவனுக்கு எழுத்துத் தெரியாது. பிறகு விரல் விட்டு எண்ணி எண்ணிச் சொன்னாள். பாட்டிலைச் சாய்க்காதே. வெயிலில் வைக்காதே. கீழே போட்டுவிடாதே. லெட்டரைத் தொலைக்காதே. யாராவது நிறுத்தினால் ஆஸ்பத்திரிப் பொருள் என்று சொல்.

நூலைப் பற்றிச் சொல்லவில்லை. ஒட்டின பாட்டிலை யார் திறக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

வழியில் நடந்ததை அவள் பிறகு அவன் வாயாலேயே கேட்டாள். மரம் விழுந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டினான். முதல் நாள் இருட்டும்போது உளுந்தூர்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் படுத்தான். விடிந்ததும் கூட்டுரோட்டுக்கு வந்தான். கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள் நின்றன, சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன, ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்கள். பையில் என்ன என்று கேட்டார்கள். சொன்னான். அவர்கள் அவனை ஒன்றும் செய்யவில்லை. கொடி பிடித்திருந்த ஒரு பெரியவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, பொணத்துக்குக் கால்கட்டு கட்டனாப்போல கட்டி வெச்சிருக்காங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் இல்லை, மனசில் பட்டதைச் சொன்னார். அப்புறம் அவரே ஒரு கை பிடித்துச் சைக்கிளை ரோட்டில் சாய்ந்து கிடந்த புளியமரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்.

மாயவன் அதுவரை பாட்டிலுக்குள் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. இப்போது பார்த்தான். மங்கலான தண்ணீரில் கறுப்பு முடிச்சோடு நூல் மிதந்துகொண்டிருந்தது.

மலையிலும் சரி, கீழே சமவெளியிலும் சரி, மூச்சு நின்றதும் இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்து நூலால் கட்டிவிடுவார்கள். கை கட்டைவிரலையும் கட்டுவார்கள். குழியில் இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்தாக வேண்டும், அரைஞாண் கயிற்றைக்கூட அறுத்துவிடுவார்கள். கட்டோடு போனால் போகிற உயிர் போய்ச் சேராது என்பது அங்கே சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உபகாரமேரி வீட்டுச் சாவுகளில் ஜெபம் சொல்லிப் பெட்டியை மூடுவார்கள், அவ்வளவுதான். அவளுக்கு நூல் என்றால் திசை. அவனுக்கு நூல் என்றால் சாவு.

பெண்டாட்டி உயிரோடு கட்டிலில் படுத்திருக்கிறாள். அவளில் ஒரு பாகம் சாவுக்கட்டு கட்டி, ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. மாயவனுக்குச் சைக்கிளை மிதிக்கக் கால் வரவில்லை. ஒரு மூடின கடையின் பின்பக்கம் போய்க் கெஞ்சிப் பாதி பிளேடு வாங்கினான். அந்தப் புளியமரத்தோரம் உட்கார்ந்து பிளாஸ்திரியைப் பதமாக உரித்தான். மருந்து நெடியில் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. சதையில் கீறல் படாமல் இரண்டு முடிச்சையும் அறுத்து எடுத்தான். அவள் உடம்பில் பட்ட நூலை வழியில் போட மனசு வரவில்லை, தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். மூடியை முன்னைவிட அழுத்தமாக ஒட்டினான்.

மறுநாள் பாட்டிலைச் சாய்க்காமல், வெயிலில் வைக்காமல், கீழே போடாமல், லெட்டரைத் தொலைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தான். அவள் சொன்ன அத்தனையும் செய்தான்.

அவன் திரும்பி வரும்போது அமிர்தம் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். கட்டுப் பிரித்தபோது கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து உபகாரமேரி பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ரிப்போர்ட் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. டாக்டர் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார், திரும்ப எடுத்துப் படித்தார்.

"நூல் இல்லைன்னு எழுதியிருக்காங்க சிஸ்டர்."

"கட்டினேனே டாக்டர்."

"ஒரு பக்க விளிம்புல நோய் ஒட்டியிருக்குது. எந்தப் பக்கம்னு சொல்ல முடியலன்னு எழுதியிருக்காங்க."

நூல் இருந்திருந்தால் அரைமணி நேர வேலை. அதே வாசல், அதே படலம், அந்தப் பக்கம் ஒரு விரற்கடை, தையல். இப்போது ஆறு பக்கமும் சந்தேகம். சுற்றிலும் எடுத்தால் அவளுடைய சின்ன மார்பில் மிச்சம் ஒன்றும் இருக்காது. அதற்கு மொத்தமாகவே எடுத்துவிடலாம்.

"ரோட்டுல குலுங்கி அவுந்திருக்கும்" என்றார் டாக்டர். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "இனிமே முடிச்சை நானே போட்டுக்கறேன்" என்றார்.

உபகாரமேரிக்கு முகம் வெந்துபோனது. நேராக வராந்தாவுக்குப் போய், அமிர்தத்தைத் தையல் பார்க்க அழைத்து வந்து உட்கார்ந்திருந்த மாயவனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"பாட்டிலத் தொறந்தியா?"

அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் திட்ட ஒரு வழி கிடைத்திருக்கும். எல்லாவற்றையும் சொன்னான். பெரியவர் சொன்னதை, புளியமரத்தை, பாதி பிளேடை. அப்புறம்தான் கேட்டான், "தொறக்கக் கூடாதுங்களா?"

அந்த நூல் எதற்கு என்று அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளிறிக்கொண்டே போனது. வேட்டியை விலக்கி, அரைஞாண் கயிற்றிலிருந்து எதையோ பிரித்து எடுத்தான். உள்ளங்கையில் வைத்து நீட்டினான். இரண்டு கறுப்பு நூல். ஒன்று சின்னது, ஒன்று நீளம்.

"நூலு பத்தரமா இருக்குதுங்க நர்சம்மா. இத்த வெச்சி இப்பப் பாக்க முடியாதுங்களா?"

உபகாரமேரி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அறைய வேண்டும்போலவும் இருந்தது, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"முடியாது" என்றாள்.

அவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான்தான்னு தெரிஞ்சா தாங்கமாட்டா. ரெண்டு புள்ளைங்க இருக்குது, நான் எப்பிடி அந்த வூட்டுல இருப்பேன்."

"சொல்லமாட்டேன்" என்றாள் உபகாரமேரி. அவளைக் கேட்டால், வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு நூலைப் பற்றிச் சொல்லாமல் விட்டது என்பாள். எனக்கென்னவோ அதைவிடப் பெரியது இதுதான் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் அரைமணி கழித்து டாக்டர் அமிர்தத்தைக் கூப்பிட்டு மொத்தமாக எடுத்தாக வேண்டும் என்று சொன்னபோது, அவளுக்கு அது எப்படிக் கேட்டது என்று பாருங்கள். சத்தியம் பண்ணின மனுஷன். ஒரு பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் எடுப்பேன் என்று படம் போட்டுக் காட்டினவர். இப்போது எந்தப் பக்கம் என்று தெரியாது, அதனால் எல்லாம் என்கிறார்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. மொதல்லயே அறுக்கறதுன்னு இருந்திருக்கீங்க. சும்மா ஆச காட்டி இட்டாந்திருக்கீங்க."

டாக்டர் எவ்வளவோ சொன்னார். நூல் அவிழ்ந்துபோச்சு என்றார். அவள் கேட்கவில்லை, நூலாம், அவிழ்ந்துச்சாம் என்கிற மாதிரி பார்த்தாள். அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு மத்தியான பஸ்ஸில் அமிர்தம் மலை ஏறிவிட்டாள்.

பொங்கல் முடிந்ததும் உபகாரமேரி வெள்ளிமலைக்கு ஜீப் பிடித்துப் போனாள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே போனாள். அமிர்தம் களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தைக் கீழே வைக்காமலே "வாங்க நர்சம்மா" என்றாள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து தழும்பைத் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லையே, நோய் அவ்வளவுதான் இருந்திருக்கும், டாக்டர் காசுக்காகப் பயமுறுத்துகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். பெரியம்மாளுக்கு எவ்வளவு பெரிய தழும்பு, அதனால் அவளுக்குப் பெரிய நோய். இவளுக்குத் தழும்பே இல்லை. இரண்டு நிறமும் சேருகிற ஓரத்தில் அவ்வளவு அழகாகத் தைத்தது இப்படி வந்து முடிந்தது.

"இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல அமிர்தம். எங்கூட வா. நான் பக்கத்துலயே இருக்கறேன்."

"உங்கள நம்பித்தான் வந்தேன் நர்சம்மா. டாக்டரவிட உங்களத்தான் நம்பினேன். எந்தப் பக்கம்னு தெரியாமப் போனது எப்பிடி? அதச் சொல்லுங்க, நான் வரேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். சொல்லியிருந்தால் வந்திருப்பாள். வந்திருக்கமாட்டாளோ என்னவோ, யாருக்குத் தெரியும். மாயவன் இரண்டு குடம் தண்ணீரோடு மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தான். சின்னப் பெண் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தது. அவன் உபகாரமேரியைப் பார்த்ததும் நின்றுவிட்டான், குடத்தை இறக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. நாலு மாசத்தில் பாதியாகியிருந்தான்.

"ரோட்டுல குலுங்கி அவுந்துடுச்சும்மா" என்றாள் உபகாரமேரி. "நான் சரியா முடிச்சுப் போடல."

அமிர்தம் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "சரி நர்சம்மா" என்று மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். ஒழுங்காக முடிச்சுப் போடத் தெரியாதவளை நம்பி இன்னொரு தடவை யார் கத்திக்குக் கீழே படுப்பார்கள்.

எண்பத்தெட்டு ஆடியில் தையலுக்கு வெளிப்பக்கம் புதுசாகத் தடிப்பு வந்தது. வெளிப்பக்கம்தான். நீள நூல் கட்டின பக்கம். அது தெரிந்தபோது அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. மாயவன் தனியாக வந்து அதைச் சொல்லிவிட்டு, இப்போதாவது அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டான். முடியாது என்று டாக்டர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு உபகாரமேரி செய்ய முடிந்தது வலி மாத்திரை வாங்கி அனுப்புவது ஒன்றுதான். இரண்டு தடவை நேரிலும் போனாள். இரண்டாவது தடவை போனபோது அமிர்தம் மூச்சுக்காகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், படுக்க முடியவில்லை. உபகாரமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பாள் என்று உபகாரமேரி நினைத்துக்கொள்வாள். அதுவும் உண்மையோ என்னவோ.

எண்பத்தொன்பது தை கடைசியில் செய்தி வந்தது. முதல் ஜீப்பில் போனாள். போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிப் புதுப் புடவை சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். கால் கட்டைவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தது. வெள்ளை நூல். உபகாரமேரி அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. முடிச்சு கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது.

ஆண்கள் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் போனார்கள். பெண்கள் வாசலைக் கழுவினார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் ஆகாதே என்று பெண்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் ஆண்கள் திரும்பி வந்தார்கள். மாயவனை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்கள். ஊர்ப் பெரியதனக்காரர் தெய்வசிகாமணி கை கால் கழுவிவிட்டு, உபகாரமேரி உட்கார்ந்திருந்த வேப்பமரத்தடிக்கு வந்தார். மனுஷர் ரொம்பவே கலங்கியிருந்தார்.

"என் வயசுக்கு இப்பிடிப் பாத்ததில்ல நர்சம்மா. குழியில எறக்கற நேரத்துல கட்ட அவுக்கவே வுடல. கால்மேல வுழுந்து கட்டிப் புடிச்சிக்கினான். நாலு பேரு இழுத்தும் வுடல. கடைசியில கட்டோடவே எறக்கிட்டோம். அவ எப்பிடிப் போய்ச் சேருவான்னு தெரியல."

உபகாரமேரி களத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவுத்தா எந்தப் பக்கம்னு தெரியாமப் பூடும், தெரியாமப் பூடும்னு அதே பேச்சிதான். இன்னா பக்கம், யாருக்குத் தெரியணும்? ஒண்ணியும் புரியல. நீங்க அவங்க ரெண்டு பேரையும் ரொம்ப நாளா பாத்துக்கினு இருக்கீங்களே, உங்களுக்கு எதுனா தெரியுமா?"

மாயவன் களத்து ஓரத்தில் உட்கார்ந்து, மண்ணில் விரலால் எதையோ கீறிக்கொண்டிருந்தான். சின்னப் பெண் அவன் முதுகில் சாய்ந்து நின்றிருந்தது.

"தெரியாதுங்க" என்றாள் உபகாரமேரி. கீழே இறங்குகிற ஜீப் ஹாரன் அடித்தது, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.